பெஸ் அத்தைக்கு இன்னும் ஏழு வருடம்

செவ்வாய்க்கிழமை காலை வெர்னா ஹக்கபி உத்தரவு கொடுத்தது ஒருவனுக்கு. அதைத் திருப்பிச் சொன்னது இரண்டு பேர்.

"ட்வைட், நாலாம் வால்வை மூடு" என்றாள் சுவர் ஃபோனில்.

"நாலாம் வால்வை மூடறேன்" என்றான் ட்வைட் ஓகிள், சூயிங்கத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. உள்ளே எதையும் மெல்லக் கூடாது என்பது சட்டம். ட்வைட்டின் கன்னம் காலியாக இருந்ததே இல்லை என்பது ஊரறிந்த விஷயம்.

"சரி" என்றாள் வெர்னா. அதோடு பேச்சு முடிந்தது. முடிந்திருக்க வேண்டும். ஃபோனைக் கொக்கியில் மாட்டப் போகிற நேரத்தில், நீளமான குழாயின் மறுமுனையிலிருந்து வருவது போல, அவசரமே இல்லாமல், இன்னொரு தடவை வந்தது.

"நாலாம் வால்வை மூடறேன்."

சூயிங்கம் இல்லாத வாய் அது.

ஸ்டில்வெல் ஊரில் பாதிப் பேருக்கு அந்தத் தொழிற்சாலைதான் பிழைப்பு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. உத்தரவைச் சொல்கிறவர் சொல்ல வேண்டும். கேட்டவர் அதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் 'சரி' என்ற பிறகுதான் கேட்டவர் கையைத் தூக்கலாம். யுரேனியத்தை உருக்குகிற இடத்தில், 'ஓ, நீங்க அதையா சொன்னீங்க' என்று பிற்பாடு தலையைச் சொறிய முடியாது. 'சரி' வந்துவிட்டால் காரியம் நடந்தாக வேண்டும். வராவிட்டால் ஒரு திருகாணிகூட அசையக் கூடாது. இந்தப் பழக்கம் தொழிற்சாலை வாசலோடு நிற்காமல் வீடுவரை வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கட்டிலிலும் ஏறிவிட்டது. உப்பை எடு என்பான் புருஷன், உப்பை எடுக்கறேன் என்பாள் பெண்டாட்டி, சரி என்பான் இவன். வெர்னாவின் விவாகரத்தே இப்படித்தான் நடந்தது என்று தேவாலய விருந்துகளில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். 'நான் கிளம்பறேன்' என்றானாம் ராய்ஸ். 'நீ கிளம்பறே' என்றாளாம் இவள். 'சரி' என்றானாம் அவன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நாக்ஸ்வில்லில் ஒரு பல் டாக்டரம்மாவோடு குடியிருக்கிறான். பல்லுக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

வெர்னாவின் மேஜைமேல் ஒரு பலகை இருந்தது. கட்டடத்தின் எந்த மூலை ஃபோனில் பேச்சு வருகிறதோ, அந்த மூலைக்கான சின்ன விளக்கு அதில் எரியும். அன்று எரிந்தது கிழக்குக் கோடி விளக்கு. கிழக்குப் பகுதியை அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே மூடிவிட்டார்கள். பூட்டி அல்ல. இரும்புக் கதவை நிலையோடு வைத்துப் பற்றவைத்து.

அவள் ஹாலிஸ் ரென்ஃப்ரோவைக் கூப்பிட்டாள். ஹாலிஸ் அவளுடைய தங்கை புருஷன். கட்டடத்தின் மின்சார வேலை முழுக்க அவன் கையில். எந்தக் கோளாறையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஆள். அதனால்தான் அந்தத் தங்கையோடு இத்தனை வருடம் வாழ முடிகிறது என்று வெர்னாவே சொல்வாள்.

"கிழக்குல ஃபோனே கெடையாது வெர்னா. நான்தானே புடுங்கினேன். சுவத்துல ரெண்டு ஓட்டைதான் இருக்கு."

"அப்ப பேசினது யாரு?"

"ஓட்டை பேசிச்சுன்னு வெச்சுக்கோயேன்."

பழைய கம்பி, மழை ஈரம், எங்கேயோ ஒன்றோடு ஒன்று உரசுகிறது என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அந்தக் கட்டடத்தில் எதற்குமே பழைய கம்பிதான் பதில்.

கட்டடம் அப்படிப்பட்டது. உலகப் போர் முடிகிற வரைக்கும் நின்றால் போதும் என்று அவசர அவசரமாக எழுப்பியது. போர் முடிந்தது, எழுப்பியவர்கள் முடிந்தார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் ஓய்வு வாங்கிக்கொண்டு ஃப்ளோரிடாவில் மீன் பிடிக்கப் போய்விட்டார்கள். கட்டடத்துக்கு மட்டும் ஓய்வில்லை. வேலைக்காரர்கள் அதற்குப் 'பெஸ் அத்தை' என்று பேர் வைத்திருந்தார்கள். அத்தைக்கு இன்று மூட்டுவலி என்றால் எங்கேயோ குழாய் ஒழுகுகிறது. அத்தைக்கு ஏப்பம் என்றால் அமில வாடை. சாலைக்கு எதிர்ப்புறம் அத்தையின் இடத்துக்கு வரவேண்டிய புதுக் கட்டடம் வளர்ந்துகொண்டிருந்தது, அல்லது வளராமல் இருந்தது. அதற்குப் பேர் 'மருமகள்'. நிச்சயதார்த்தம், அதாவது பெரிய மனிதர்கள் வந்து மண்ணை வெட்டி, பிறகு கேக்கை வெட்டிய வைபவம், நடந்த நாளில் பிறந்த குழந்தைகள் இன்று லைசென்ஸ் வாங்கி அம்மாவின் காரை மரத்தில் மோதிக்கொண்டிருக்கின்றன. மருமகளுக்கோ இன்னும் கூரை ஏறவில்லை. வாசலைக் கட்டி முடித்த பிறகுதான் உலைகள் அதில் நுழையாது என்று கண்டுபிடித்தார்கள், இடித்தார்கள், மறுபடி கட்டினார்கள். பழைய கட்டடத்தை விடவும் முடியாமல், புதியது வந்தும் சேராமல், இரண்டுக்கும் நடுவில் நின்றவள் வெர்னா. கட்டடத்தின் பொறுப்பாளர் அவள். அவளையும் சேர்த்து ஏழு பேர் அதற்குள்ளே.

உள்ளே ஜன்னல் கிடையாது. பகலா இரவா என்பது உள்ளே யாருக்கும் தெரியாது, தெரிந்தும் பயனில்லை. யுரேனியத் தூசி வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகப் பெரிய விசிறிகள் இரவும் பகலும் காற்றை உள்பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும். எந்தக் கதவைத் திறந்தாலும் முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று தள்ளும், தலைமுடி முன்னால் பறக்கும், கட்டடம் ஆளை முகர்ந்து பார்த்து மெல்ல உள்ளே வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு கதவின் தலைமாட்டிலும் ஒரு மெல்லிய ரிப்பன் துண்டு ஒட்டியிருக்கும், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதற்கு. அத்தனை ரிப்பன்களும் எப்போதும் உள்பக்கமாகவே சாய்ந்திருக்கும். எண்பது வருடமாக மூச்சை உள்ளே மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிற ஒரு ஜீவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுத்த மூச்சை எங்கே வைத்திருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

அடுத்த வாரத்துக்குள் அந்தக் குரல் எல்லாருக்கும் பழகிவிட்டது. மனிதனுக்குப் பழகாதது எது. ட்வைட் அதற்கு 'ரெண்டாவது ட்வைட்' என்று பேர் சூட்டி, அவனுக்கும் சேர்த்து எனக்கு ரெண்டு நாள் லீவு குடுங்க வெர்னாம்மா என்று கேட்டுக்கொண்டு திரிந்தான். மான் வேட்டைக்குப் போக அவனுக்கு அந்த மாதம் முழுக்கவே லீவு தேவைப்பட்டது.

வெர்னாவுக்குத்தான் பழகவில்லை. எதிரொலி என்றால் தன் குரல்தானே தனக்குத் திரும்பி வர வேண்டும் என்பது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இது திரும்பி வரவில்லை. இது கேட்டுக்கொண்டது. வேலையை வாங்கிக்கொண்டவன் சொல்கிற மாதிரிச் சொன்னது.

மழை விடாத ஒரு மதியம், கிழக்குக் கதவுவரை நடந்து போய்ப் பார்த்தாள். அந்த நடையில் பாதி விளக்குகள் இல்லை. இருந்த விளக்குகள் ஈனசுரத்தில் முனகிக்கொண்டிருந்தன. தரையில் மெழுகு வாடை, அதற்குக் கீழே ஈர சிமெண்டின் வாடை, சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பு, எங்கேயோ ஒரு பக்கெட்டில் விட்டு விட்டு விழுந்த கூரைத் தண்ணீர். இதெல்லாம் அவளுக்குத் தன் வீட்டுச் சமையலறை மாதிரி தெரிந்த விஷயங்கள்தான். கதவை நெருங்க நெருங்க, தெரியாத ஒன்று வந்தது. மழையில் நனைந்த கம்பளிக் கோட்டுகள் நெருக்கமாக மாட்டியிருக்கிற அறையின் வாசனை. ஆட்கள் இப்போதுதான் ஷிஃப்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியது போல. கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு யார் இப்போது வேலைக்கு வருகிறார்கள்? கதவைப் பற்றவைத்த ஒட்டு அப்படியே இருந்தது, துருவேறி, தடித்துப்போய். வெர்னா அதில் உள்ளங்கையை வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

கையை எடுத்துக்கொண்டாள். பக்கத்துச் சுவரில் ஃபோன் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். ஹாலிஸ் சொன்னது நிஜம்தான்.

அதற்கு மறுநாள் நடந்ததை அவள் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. ஆறாம் விசிறியின் பேரிங்குக்கு கிரீஸ் போட வேண்டியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லலாம் என்று மனதுக்குள் நினைத்தபடி ஃபோனை எடுத்தாள். வாயைத் திறக்கவில்லை. ஃபோன் சொன்னது:

"ஆறாம் விசிறியை நிறுத்தறேன், அம்மணி."

"சரி" என்றாள் வெர்னா.

முப்பது வருட நாக்கு. மூளையைக் கேட்டுக்கொண்டா அது பேசுகிறது?

சொன்ன பிறகுதான் இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, அவள் இன்னும் எதுவுமே சொல்லவில்லை. இரண்டு, எல்லாரையும், பாதிரியாரைக்கூட, 'அம்மணி' என்று கூப்பிடுகிற ஒரே ஒரு ஆள்தான் அந்தக் கட்டடத்தில் வேலை செய்திருக்கிறான். ஆர்லிஸ் டீக். அவன் போன மார்ச் மாதம் செத்துப்போனான். அடக்கத்துக்குப் பிறகு துக்க வீட்டுக்கு வெர்னா கொண்டுபோன வாழைப்பழப் புட்டிங் கெட்டியாக இல்லை என்று ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

ஆறாம் விசிறி நின்றது.

அதன் இரைச்சலை அவள் இவ்வளவு நாள் கேட்டதே இல்லை, அது நின்றபோதுதான் கேட்டது. காதில் பஞ்சை அடைத்த மாதிரி ஒரு நிசப்தம். கதவுமேல் ரிப்பன் நிமிர்ந்தது. செங்குத்தாகத் தொங்கியது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. முகத்தில் காற்று பட்டது. வெதுவெதுப்பான, ஈரமான, யாரோ வெகுநேரம் வாய்க்குள் வைத்திருந்த காற்று.

ட்வைட்டும் அவளும் ஓடினார்கள். விசிறி அறையில் யாரும் இல்லை. சுவிட்சின் கைப்பிடி கீழே இறக்கியிருந்தது. ட்வைட் அதை மேலே தள்ளி, உள்ளங்கையைப் பார்த்து, காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். கைப்பிடி வியர்த்திருந்தது. சூயிங்கத்தைத் துப்பிவிட்டான். அவன் துப்பி அவள் பார்த்தது அன்றுதான்.

"நீங்க நிறுத்தச் சொன்னீங்களா வெர்னாம்மா?"

"இல்ல."

"நான் 'சரி'ன்னு கேட்டேனே."

அன்றிலிருந்து ஃபோனை எடுத்தால் பற்களைக் கடித்துக்கொண்டாள். ட்வைட் திருப்பிச் சொன்னதும் 'சரி' என்றாள், அடுத்த குரல் வருவதற்குள் வாயை மூடினாள். இரண்டாவது குரல் சொல்லும். பிறகு காத்திருக்கும். அவள் பேசமாட்டாள். அது காத்திருக்கும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், வெகுநேரம், வேலையில்லாமல் வாசலில் நிற்கிறவன் மாதிரி.

வியாழக்கிழமை லாங்மயர் கூப்பிட்டனுப்பினார். மொத்தத் தொழிற்சாலைக்கும் தலைவர், வாஷிங்டனிலிருந்து வந்தவர், சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. இனிப்பே சேர்க்கக் கூடாத சோளரொட்டியில் சர்க்கரை போட்டுச் சாப்பிடுகிறார் என்று தெரிந்த நாளே ஊர் அவருக்குத் தீர்ப்பு எழுதிவிட்டது. அவருடைய அறை ஜன்னலில் எதிரே மருமகள் தெரிந்தாள், கூரையில்லாமல், பக்கத்தில் ஒரு அசையாத கிரேன்.

விஷயம் சுருக்கம்தான். மருமகள் வர இன்னும் ஏழு வருடம் ஆகும். அதுவரை பெஸ் அத்தை ஓடியாக வேண்டும். திங்கட்கிழமை வாஷிங்டனிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் எழுந்து நின்று, இந்தக் கட்டடம் ஏழு வருடம் தாங்கும் என்று வெர்னா சொல்ல வேண்டும்.

"நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. முப்பது வருஷம் உள்ள இருந்தவங்க நீங்க."

"மழை பெஞ்சா உள்ள பக்கெட் வெக்கறோம் சார். யுரேனியம் உருக்கற எடத்துல பக்கெட்."

"நல்ல பக்கெட்டா வாங்கித் தரேன்" என்று சிரித்தார் லாங்மயர்.

வெர்னா சிரிக்கவில்லை. குழாய்கள் காகிதமாக மெலிந்திருப்பதைச் சொன்னாள். உதிரி பாகத்துக்கு அருங்காட்சியகத்துக்கு ஆள் அனுப்பியதைச் சொன்னாள். விசிறி தானாக நின்றதைச் சொன்னாள். எப்படி நின்றது என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் திங்கட்கிழமை தன்னை மனநல மருத்துவர் முன்னால் நிறுத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"மாட்டேன்" என்றாள் முடிவாக.

லாங்மயர் கோபப்படவில்லை. கோபப்படாதவர்கள்தான் ஆபத்து. அப்படியென்றால் பொறுப்பை வேறு யாருக்காவது கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். ட்வைட் நல்ல பையன். மூன்று பிள்ளைகள், நாலாவது வயிற்றில். பதவி உயர்வு வேண்டாம் என்று சொல்வானா என்ன?

வெர்னா எழுந்தாள். "அத்தைய ஏழு வருஷம் ஓட்டணும்னா நீங்க வந்து உள்ள உக்காந்து ஓட்டுங்க. கோட்ட மட்டும் கழட்டி வெச்சுட்டு வாங்க."

அன்று வீட்டுக்குப் போகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டாள். அந்தத் தொழிலில் இன்னொரு விதி உண்டு: ஆபத்து என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம், துடைப்பம் பிடிக்கிறவர்கூட. ஒருமுறை நிறுத்தி ஆட்களை வெளியே கொண்டுவந்துவிட்டால், வெளியூர்ப் பரிசோதகர்கள் வந்து மூலை மூலையாகப் பார்த்த பிறகுதான் மறுபடி கதவைத் திறக்க முடியும். பார்க்கட்டும். கிழக்குக் கதவை அவர்களே அறுத்துத் திறந்து பார்க்கட்டும். லாங்மயர் ட்வைட்டைப் பெரியவர்கள் முன்னால் நிறுத்துவதற்குள் கட்டடம் காலியாக இருக்க வேண்டும். தன் ஆட்கள் ஆறு பேரும் வெளியே. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

வெள்ளிக்கிழமை உலைகளில் எதையும் ஏற்றவிடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் அத்தைக்கு இன்று விரதம் என்றாள். மத்தியானம் போய் சாயங்காலம் வந்தபோது உலைகள் ஆறியிருந்தன. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது என்று கடைசியாக உள்ளே வந்தவர் சொன்னார். ஊரே பள்ளிக்கூட மைதானத்தில் கூடிக்கொண்டிருக்கும். மழையோ இடியோ, வெள்ளிக்கிழமை என்றால் அங்கே ஃபுட்பால் உண்டு.

அவள் ஃபோனை எடுத்தாள். மனசுக்குள் லாங்மயரின் கசங்காத சட்டை நின்றது. அவர் சிரித்த சிரிப்பு நின்றது. அந்தக் கோபத்தில்தான் வெர்னா ஹக்கபி, எத்தனையோ பேரை அதற்காகத் திட்டியிருக்கிற வெர்னா ஹக்கபி, அந்தத் தவறைச் செய்தாள். உத்தரவுக்கு முன்னால் பேரைச் சொல்ல வேண்டும். ட்வைட் என்று, ஹாலிஸ் என்று, ஒவ்வொருவராக. பேர் இல்லாத உத்தரவு, கேட்டவனுக்கெல்லாம் சொந்தம்.

"எல்லாரும் வேலைய நிறுத்திட்டு வெளியே வாங்க" என்றாள்.

"வேலைய நிறுத்திட்டு வெளியே வரேன்" என்றான் ட்வைட், ஒரு கணம் தயங்கி.

"நிறுத்திட்டு வெளியே வரேன்" என்றான் ஹாலிஸ். "வர்றப்ப என் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கறேன்."

உலைக்கூடத்திலிருந்த நால்வரும் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள்.

கிழக்கு விளக்கு எரிந்தது.

"வேலைய நிறுத்திட்டு வெளியே வரேன், அம்மணி."

அவள் பற்களைக் கடித்தாள். இது எதிர்பார்த்ததுதான். ஆனால் அது அங்கே நிற்கவில்லை. அதன் பின்னால் ஒரு பெண், சின்ன வயசுப் பெண், மலைமேட்டுப் பேச்சு: "வேலைய நிறுத்திட்டு வெளியே வரேன்." பிறகு ஒரு கரகரப்பான ஆண். பிறகு இரண்டு பெண்கள் சேர்ந்தாற்போல. பிறகு இருமிக்கொண்டே ஒருவர். குரல்கள் நெருங்கின, ஒன்றின் தோளில் ஒன்று இடித்துக்கொண்டு, பவ்வியமாக, பயிற்சி பெற்ற ஆட்களின் நிதானத்தோடு, ஒரு வார்த்தை பிசகாமல். வெளியே வரேன். வெளியே வரேன். வெளியே வரேன். பலகையில் ஒரே ஒரு விளக்கு, அது வெள்ளையாகச் சூடேறி, அதன் மேலிருந்த பிளாஸ்டிக் உருகி வழிந்தது.

பிறகு நிசப்தம்.

அவர்கள் காத்திருந்தார்கள். மூச்சு கேட்டது. கதவு திறக்கக் காத்திருக்கிற வரிசையின் மூச்சு. அவள் 'சரி' என்றால் ஆயிற்று. சொல்லாவிட்டால் யாரும் அசையக் கூடாது. தொழில் அவர்களுக்கும் தெரியும்.

நாக்கு எழுந்தது. வெர்னா அதைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. சொல்லமாட்டேன். முப்பது வருடமாகச் சொன்னேன், இன்றைக்குச் சொல்லமாட்டேன். கிடங்க. அங்கேயே கிடங்க.

ஃபோனில் ஒரு பெண் குரல், சற்றே அலுப்பாக, மூக்கால் கொஞ்சம் இழுத்து, ராய்ஸ் கேலி செய்கிற அதே இழுப்போடு, சொன்னது:

"சரி."

அவளுடைய குரல்.

வெர்னா ஃபோனை விட்டுவிட்டு ஓடினாள். நடைகளில் ரிப்பன்கள் எல்லாம் வெளிப்பக்கம் பறந்தன, விறைத்து, படபடத்து. விசிறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. காற்று அவற்றை மதிக்கவில்லை. கிழக்கிலிருந்து இரும்பு கிழிகிற சத்தம், நீளமாக, நிதானமாக, துணி கிழிவது போல. நனைந்த கம்பளி வாடை அவளுக்கு முன்னால் ஓடியது.

வெளிவாசலில் கண்ணாடிக் கூண்டு. வேலை முடிந்து போகிறவர்கள் ஒவ்வொருவரும் அதில் நின்று கையை நீட்ட வேண்டும். உடம்பில் கதிர்வீச்சுத் தூசி ஒட்டியிருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். இல்லையென்றால் பச்சை விளக்கு, அதன் பிறகுதான் குறுக்குக் கம்பி சுழன்று வழிவிடும். இருந்தால் சிவப்பு, கம்பி அசையாது. ட்வைட்டுக்குப் பச்சை. ஹாலிஸுக்குப் பச்சை. நால்வருக்கும். கடைசியாக வெர்னா. பச்சை. வெளியே மழை முகத்தில் அறைந்தது. அவ்வளவு நல்ல மழையை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆறு பேரையும் கையால் தொட்டு எண்ணினாள்.

"என்ன வெர்னா, கோழிக்குஞ்சையா எண்ணறே" என்றான் ஹாலிஸ்.

அவள் பின்னால் இயந்திரம் பேசியது. பதிவு செய்த மரியாதையான குரல். "கைகளை உள்ளே நீட்டவும்."

கூண்டில் யாரும் இல்லை.

சிவப்பு. கம்பி சுழன்றது.

"அடுத்தவர் வரலாம். கைகளை உள்ளே நீட்டவும்."

சிவப்பு. சுழன்றது. சிவப்பு. சுழன்றது.

ட்வைட்தான் முதலில் பார்த்தான். படிக்கட்டு விளக்கின் கீழே மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஓரிடத்தில் மட்டும் தரையைத் தொடவில்லை. ஓர் ஆளின் தோளகலத்துக்கு மழை இல்லாத ஓர் இடம். அது நகர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. வரிசை கலையாமல், படியிறங்கி, சாலையில் திரும்பி. சாலை மேட்டுக்கு அந்தப் பக்கம் மைதானத்தின் விளக்குகள் வானத்தை வெளுக்கவைத்திருந்தன. பள்ளிப் பிள்ளைகளின் பேண்டு வாத்தியம் மழையோடு விட்டு விட்டுக் கேட்டது.

"ட்வைட்" என்றாள் வெர்னா. பேரைச் சொல்லித்தான். "எல்லாரையும் வண்டியில ஏத்திக்கிட்டு மைதானத்துக்குப் போ. ஆட்டத்த நிறுத்து. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு."

"மைதானத்துக்குப் போறேன். ஆட்டத்த நிறுத்தறேன். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பறேன்." பல் தந்தியடித்தது. ஆனால் வார்த்தை பிசகவில்லை.

"சரி."

ஹாலிஸ் அவள் கையைப் பிடித்தான். "நீயும் வா வெர்னா. தங்கச்சிகிட்ட நான் என்ன சொல்றது?"

"புட்டிங் கெட்டியா வரணும்னா முட்டை கூடப் போடணும்னு சொல்லு" என்று கையை உதறினாள். வண்டிக் கதவுகள் அறைந்து மூடின. வெளிச்சம் திரும்பி, சாலையில் அந்த மழையில்லாத இடங்களைத் தாண்டி, வேகமாகப் போனது.

வெர்னா திரும்பிப் படியேறினாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். கால்களைக் கதவு நிலையில் முட்டுக்கொடுத்தாள். ஐம்பத்தாறு வயது, கெட்ட முழங்கால்.

"உள்ளே நில்லுங்க" என்றாள். "ஒருத்தரும் வெளியே வரக் கூடாது."

காத்திருந்தாள்.

யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

கண்ணாடி உள்ளிருந்து பனிபூத்தது. அந்தப் பனியில் ஒரு கைத்தடம் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. மேலே, கீழே, சின்னவை, பெரியவை, கண்ணாடி முழுக்க. கம்பி அவள் உள்ளங்கைகளில் ஏறி அழுத்தியது. அவள் விடவில்லை. தோள் மூட்டில் ஏதோ மளுக்கென்றது. விடவில்லை.

"மாட்டேன்" என்றாள். "ஏழு வருஷம் ஆனாலும் மாட்டேன்."

"அடுத்தவர் வரலாம்" என்றது இயந்திரம்.

சிவப்பு.

சாலையில், படிகளில், மருமகளின் கூரையில்லாத சுவர்களில் மழை பெய்துகொண்டே இருந்தது. அவளுடைய முதுகில் மட்டும், ஓர் ஆளின் தோளகலத்துக்கு, அது விழுவது நின்றுவிட்டது.